'போதும்' என்று சொல்ல யாருக்கு உரிமை?

68 வயது ஆள் ஒருவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் தூரத்தில் இருக்கிறாள். இந்த வயதில் அவர் தனியாக ஒரு பனிமலைக்குப் போய், இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, செங்குத்தான சரிவில் சறுக்கி இறங்குகிறார். இது சரியா, தப்பா?

நம்ம வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பதில் உடனே வரும்: "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?" என் வயது நண்பர்களிடம் கேட்டால் அதுவும் உடனே வரும்: "அவர் உயிர், அவர் இஷ்டம். கேட்க நாம யாரு?" இரண்டுமே அவசரப் பதில்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் கூடவே யோசியுங்கள்.

நான் இயந்திரவியல் பொறியியல் படிக்கும் மாணவன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் கனடாவின் வான்கூவரில் படித்தேன். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் விஸ்லர் பிளாக்கோம் இருக்கிறது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய பனிச்சறுக்கு ரிசோர்ட்டுகளில் அதுவும் ஒன்று. 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவு ஸ்கீ போட்டிகள் அங்கேதான் நடந்தன. குளிர்கால விடுமுறையில் மாணவர்கள் கூட்டமாகப் பஸ் ஏறிப் போவார்கள். நானும் போனேன்.

பனியைப் பார்க்காத நமக்கு அந்த மலையின் அளவை மனத்தில் கொண்டுவருவது கொஞ்சம் சிரமம். அங்கே இரண்டு மலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. விஸ்லர் 1966-இலும் பிளாக்கோம் 1980-இலும் சறுக்குவோருக்குத் திறக்கப்பட்டன. அடிவாரக் கிராமத்திலிருந்து பிளாக்கோமின் உயரமான லிஃப்ட் முனைக்கு ஏறினால் சுமார் 1,600 மீட்டர். கெந்திங் மலைக்குக் கேபிள் காரில் போனவர்களுக்குத் தலைசுற்றல் தெரியும். இங்கே இரண்டு மலைகளையும் இணைக்கும் கேபிள் கார் 2008-இல் வந்தது. 4.4 கிலோமீட்டர் தூரம் போகும். பள்ளத்தாக்கின் நடுவில் தரையிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டு போவோம்.

சறுக்கும் பாதைகளுக்கு அடையாளம் உண்டு. பச்சை வட்டம் என்றால் எளிது. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும். நான் பச்சை வட்டத்திலேயே பத்து தடவை விழுந்து எழுந்தேன் என்பது தனிக் கதை.

இளைஞர்களின் விளையாட்டா?

ஸ்னோபோர்டு என்றாலே தொளதொள உடுப்பு போட்ட பையன்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் அதன் வரலாற்றைப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது.

1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கீ பலகைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். அதுதான் 'ஸ்னர்ஃபர்' என்ற பொம்மையானது. 1977-இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் பலகை செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பெரும்பாலான ரிசோர்ட்டுகள் ஸ்னோபோர்டுக்காரர்களை லிஃப்டில் ஏறவே விடவில்லை. ஆபத்தானவர்கள், அடங்காத பையன்கள் என்பது குற்றச்சாட்டு. போராடித்தான் உள்ளே வந்தார்கள். 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகவே சேர்ந்தது.

அன்றைக்கு 25 வயதில் விரட்டப்பட்ட அந்தப் பையன்களுக்கு இப்போது 60, 70 வயது. ஸ்னோபோர்டு ஓட்டியே கிழவரான முதல் தலைமுறை அவர்கள்தான். இவர்களுக்கு முன்னால் இந்த வயதில் இதைச் செய்தவர் யாருமில்லை, பார்த்துக் கற்றுக்கொள்ள முன்னோடியும் இல்லை. அன்றைக்கு "நீ சின்னப் பையன், வராதே" என்றார்கள். இன்றைக்கு "நீங்கள் கிழவர், வராதீர்கள்" என்கிறார்கள்.

ஒரு மேசையில் கிடைத்த பாடம்

மலைமேல் உணவகத்தில் மதிய நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். தனியாக சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மேசையில் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். நான் முதலில் சொன்ன அந்த 68 வயதுக்காரர் இவர்தான். நம்ம ஊர் வழக்கப்படி 'அங்கிள்' என்றே கூப்பிட்டேன். அவருக்கு அது பிடித்துப்போனது.

"இந்த வயசுல பயமா இல்லையா அங்கிள்?" என்று கேட்டேன்.

"இப்போ பயம் இருக்கு. இருபத்தஞ்சு வயசுல இல்ல. அப்போதான் தோள்பட்டைய ரெண்டு தடவ உடைச்சிக்கிட்டேன்" என்றார்.

அவருக்கென்று சில விதிகள் இருந்தன. காலையில் முதல் இரண்டு ஓட்டம் பச்சைப் பாதையில் மட்டும். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் லிஃப்டில் ஏறுவதில்லை. மரங்களுக்கு நடுவில் தனியாகப் போவதில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய மரத்தின் கிளைகள் பனியை மறைப்பதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பள்ளம் விழுந்திருக்கும். அதில் தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம், பக்கத்தில் ஆள் இல்லையென்றால் மூச்சுமுட்டிச் செத்துப்போகலாம். பிறகு, மதியம் இரண்டு மணி ஆனதும் பலகையைக் கழற்றிவிடுவார். கால் களைத்திருக்கும். வெளிச்சமும் மங்கி, பனியின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இரட்டைக் கறுப்பு வைரத்தில் இறங்கியவர், இப்போது அதைக் கீழே நின்று பார்ப்பதோடு சரி.

கேட்கக் கேட்க எனக்கு வகுப்பில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு பாலத்துக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் அதை மூடுவதில்லை. ஆய்வு செய்வார்கள். தாங்கும் சக்தி குறைந்திருந்தால் எடை வரம்பைக் குறைத்துப் பலகை வைப்பார்கள். ஆய்வை முன்பைவிட அடிக்கடி செய்வார்கள். அந்தப் பெரியவரும் தம் உடம்புக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கணக்கும் அவர் பக்கம்தான் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதினால், அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி. வேகத்தைப் பாதியாக்கி 25 ஆக்கினால் அந்த உயரமும் பாதியாகும் என்று நினைப்போம். இல்லை, நாலில் ஒரு பங்காகிவிடும். சுமார் இரண்டரை மீட்டர். அப்போதும் எலும்பு உடையலாம், ஆனால் இது வேறு ஆபத்து. வேகத்தை அடக்கத் தெரிந்த கிழவரையும் அடக்கத் தெரியாத வாலிபனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாருக்கு ஆபத்து அதிகம் என்று வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதுவரை எல்லாம் அவருக்குச் சாதகம். அதன் பிறகு அவர் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

போன குளிர்காலத்தில் அவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். டொராண்டோவில் இருக்கும் மகள் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, விமானத்தில் வந்து, இரண்டு வாரம் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். போகும்போது "இத்தோட நிறுத்திடுங்கப்பா" என்று அழுதாளாம். அவர் நிறுத்தவில்லை. இந்த ஆண்டும் ஐந்து நாளுக்கு வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்கிறார்.

நான் பார்ப்பதற்கு முந்தின நாள் பலகையின் ஓரம் பனியில் சிக்கி, மல்லாக்க விழுந்து, பின்மண்டை தரையில் மோதியிருக்கிறது. தலைக்கவசத்தில் விரிசல். கிளினிக்கில் போய்ப் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மகளிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னிக்கு வெயில் நல்லா இருந்துச்சும்மா."

"ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னா நாளைக்கே பஸ் ஏறச் சொல்வா. அவ பயப்படறது நியாயம்தான் தம்பி. ஆனா அவ பயம் தீரணும்னா நான் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கணும். எத்தன வருஷத்துக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மணியைப் பார்த்தார். இரண்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் உயிர், அவர் இஷ்டம்தானா?

முதலில் என் நண்பர்களின் பதிலை எடுத்துக்கொள்வோம்.

அவர் உயிர் அவருடையது என்பது உண்மை. ஆனால் அவர் மணிக்கட்டு முறிந்தபோது இரண்டு வாரச் சம்பளத்தை இழந்தது யார்? மகள். நாளைக்கு இடுப்பெலும்பு உடைந்தால் தன் வாழ்க்கையை மாற்றி அமைக்கப்போவது யார்? அவளேதான். மலையில் அடிபட்டால் ஸ்லெட்ஜில் வைத்துக் கீழே இறக்க ரோந்துக் குழுவினர் அதே சரிவில் இறங்க வேண்டும். ஆக, ஆபத்து அவர் ஒருவரோடு நிற்பதில்லை. கணக்கில் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

மலையின் விதிமுறை இதை அழகாகச் சொல்லிவிடுகிறது. உனக்கு முன்னால் கீழே போகிறவருக்குத்தான் வழியில் முதல் உரிமை, நீ எப்போதும் நின்றுகொள்ளும் அளவுக்குக் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை மீறி ஓட்டுபவரின் நுழைவுச் சீட்டைப் பறிப்பார்கள். அந்த விதி வயதைக் கேட்பதில்லை, கட்டுப்பாட்டைத்தான் கேட்கிறது. அவருடைய பலகை அவர் பேச்சைக் கேட்காமல் ஒரு குழந்தைமேல் மோதக்கூடிய நாள் வந்தால், அன்றைக்கு "என் இஷ்டம்" என்ற வார்த்தைக்கு இடமில்லை. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் அவரைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும்.

ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே தடுப்பதற்கு மகளுக்கு உரிமை உண்டா?

அன்பு தடை போடலாமா?

இப்போது பெரியவர்களின் பதில். "அன்பு இருப்பதால்தானே வேண்டாம் என்கிறோம்?" ஆமாம். அந்த மகளின் அன்பை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் அவள் போட்ட தடையால் என்ன நடந்தது என்று பாருங்கள். அவர் மலைக்குப் போவது நிற்கவில்லை. அவளிடம் சொல்வதுதான் நின்றது.

இது சின்ன விஷயமில்லை. பாலத்தில் விரிசல் விழுந்ததா என்று பார்க்கக் கருவி பொருத்துகிறோம். விரிசல் என்று சொன்னவுடனே பாலத்தை இடித்துவிடுவோம் என்ற நிலை இருந்து, அந்தக் கருவிக்கும் வாய் இருந்தால், அது என்ன செய்யும்? எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் சொல்லும். அதன் பிறகு அந்தப் பாலத்தைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. உண்மையிலேயே ஆபத்து வருகிற நாளிலும் தெரியாது.

அவர் அந்தச் சரிவில் இறங்கியதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. தலையில் அடிபட்டதை மறைத்ததில்தான் தெரிகிறது. அவருக்காக விடுப்பு எடுத்து வரப்போகிறவள் அவள். முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு இல்லாமல் இருக்கலாம், உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை கண்டிப்பாக உண்டு. ஆனால் அந்த மறைப்புக்கு அவர் மட்டும்தான் காரணமா? சொன்னால் தண்டனை என்று ஆக்கிவிட்ட அன்புக்கும் அதில் பங்கு இருக்கிறது.

6,000 மீட்டரில் ஒரு 'போதும்'

அப்படியென்றால் 'போதும்' என்று யாருமே சொல்லக்கூடாதா? சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பதற்கு ஜப்பானியர் ஒருவரின் கதை இருக்கிறது.

யுய்ச்சிரோ மியுரா 1932-இல் பிறந்தவர். 1970-இல் எவரெஸ்ட்டின் தெற்கு கணவாயிலிருந்து முதுகில் பாராசூட்டோடு ஸ்கீயில் இறங்கியவர். 70 வயதில் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். 75 வயதில் மறுபடியும் நின்றார். அடுத்த ஆண்டு ஸ்கீ விபத்தில் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. இதயத் துடிப்புக் கோளாறுக்காகப் பல முறை சிகிச்சை. அதற்கெல்லாம் பிறகு, 2013-இல், 80 வயதில் மூன்றாம் முறை உச்சியைத் தொட்டார். இறங்கும் வழியில் களைத்துப்போய், கடைசிப் பகுதியை ஹெலிகாப்டரில் கடந்தார்.

2019 ஜனவரியில், 86 வயதில், தென் அமெரிக்காவின் அக்கோன்காகுவா மலைக்குப் போனார். ஏறக்குறைய 6,000 மீட்டரில், கூடவே வந்த மருத்துவர் இதயத்துக்கு ஆபத்து, இதற்கு மேல் வேண்டாம் என்றார். அவர் கேட்டுக்கொண்டு திரும்பினார். கூட வந்த மகன் கோத்தா மேலே ஏறி உச்சியை அடைந்தார்.

எவரெஸ்ட்டில் மூன்று முறை நின்ற பிடிவாதக்காரர் அன்று ஏன் கேட்டார்? அந்த மருத்துவர் டோக்கியோவில் உட்கார்ந்துகொண்டு "86 வயசு, வீட்டிலே இருங்கள்" என்று சொல்லவில்லை. 6,000 மீட்டர் வரைக்கும் கூடவே ஏறி, அதே குளிரைத் தாங்கி, அவர் மூச்சைக் கேட்டுவிட்டு, இந்த இடத்தில், இந்தக் காரணத்துக்காகப் போதும் என்றார். வயதைச் சொல்லித் தடுப்பதற்கும் நிலைமையைச் சொல்லித் தடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கூட நடப்பவர் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லவில்லை. நேப்பாளத்தின் மின் பகதூர் ஷேர்சன் 2008-இல் 76 வயதில் எவரெஸ்ட் ஏறியவர். மூத்தவர் என்ற சாதனையை மியுராவிடமிருந்து மீட்க 2017-இல் 85 வயதில் மறுபடி போனார். அடிவார முகாமிலேயே உயிர் பிரிந்தது. இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. அதை மறைத்துவிட்டு "வயது வெறும் எண்தான்" என்று பேசுவதும் ஒரு பொய்தான்.

நம்ம வீட்டில்

நம்மில் பலருக்குப் பனிமலையில் ஏறும் தாத்தா கிடையாது. ஆனால் கப்சாய் மோட்டாரில் சந்தைக்குப் போகும் தாத்தா இருக்கிறார். ஏணியில் ஏறி மாங்காய் பறிக்கும் அப்பா இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டு "ஒண்ணுமில்ல, லேசான வலி" என்று சொல்லும் பாட்டி இருக்கிறார். அவர்கள் ஏன் நம்மிடம் சொல்வதில்லை? சொன்னால் மோட்டார் சாவி காணாமல் போகும், ஏணி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். காலில் விழுகிறோம், நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். அந்த நாற்காலியிலேயே கடைசிவரை உட்கார்ந்திருக்கச் சொல்வதும் மரியாதைதானா? ஒருவருடைய முடிவுகளை எல்லாம் நாமே எடுத்துக்கொண்டு, பிறகு அவரை வணங்குவதில் என்ன இருக்கிறது?

அதனால் என் பதில் இதுதான். மற்றவர்கள்மேல் மோதும் அளவுக்குக் கட்டுப்பாடு போய்விட்டால் யாரும் தடுக்கலாம். மோட்டாரில் போகும் தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டால், ரோட்டில் நடக்கும் பிள்ளைக்காகச் சாவியை வாங்கத்தான் வேண்டும். மற்றபடி முடிவு அவர்களுடையது. ஆனால் முடிவு கையில் இருப்பவர் விழுந்ததை மறைக்கக்கூடாது. அவர் மறைக்காமல் இருக்க வேண்டுமென்றால், கேட்கிற நாம் உடனே தண்டிக்கக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்துதான் நடக்கும், தனித்தனியாக நடக்காது.

இதில் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது இளையவர்களான நாம்தான் என்று நினைக்கிறேன். நம் கால் இன்னும் நன்றாக நடக்கிறது, கூடப் போக நம்மால் முடியும். அடுத்த முறை வீட்டில் ஒரு பெரியவர் எங்காவது போகிறேன், எதையாவது செய்கிறேன் என்றால், "வேணாம்" என்று தொடங்காமல், "எப்படிப் போறீங்க? நானும் வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கூடப் போனால்தான் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று தெரியும். என்றைக்காவது நாம் உண்மையாகவே 'போதும்' என்று சொல்ல வேண்டி வரும்போது, அவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள்.